ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது

சில வாரங்களாக, அலுவலக வேலை முடிந்த இரவுகளில், என் மடிக்கணினியில் ஒரே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பஞ்சாப், ஹரியானா வயல்களில் 2003 முதல் நாசாவின் செயற்கைக்கோள்கள் கண்ட தீப்புள்ளிகளின் பட்டியல் அது. யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒவ்வொரு வரியிலும் ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை, நாள், நேரம், தீயின் வெப்பத்திறன் என்று சில எண்கள் இருக்கும். தீ வைத்தவர் யார், ஏன் வைத்தார் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. ஆண்டுவாரியாகப் பிரித்து, செப்டம்பர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் இறுதி வரை நாள்வாரியாக எண்ணி, வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியபோது, நெல் அறுத்தபின் வயலில் எஞ்சும் தாளையும் வைக்கோலையும் எரிப்பதைக் காட்டும் மேடு ஆண்டு செல்லச் செல்ல வலப்புறம் நகர்வது தெரிந்தது. முதல் சில ஆண்டுகளில் அக்டோபர் கடைசி வாரத்தை ஒட்டி இருந்த உச்சி, பிந்தைய ஆண்டுகளில் நவம்பர் முதல் வாரத்துக்குப் போய்விட்டது; மேடு குறுகிச் செங்குத்தாகவும் ஆகியிருந்தது.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவிட்ட செய்திதான். ஆனால் நிலத்தடி நீரைக் காப்பதற்காக இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் தடம், தீயைக் கண்காணிக்கும் ஒரு கோப்பில் பதிந்து கிடப்பதை நம் கையாலேயே வரைந்து பார்ப்பது வேறு அனுபவம். வேளாண்மைக் கொள்கைகளின் சுற்றுச்சூழல் விளைவைப் பெருந்தரவைக் கொண்டு அளப்பது பற்றி நிறையப் பேசப்படுகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் பொதுப்படையாகவே நின்றுவிடுவதால், இந்த ஒரே ஒரு சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்க்க விரும்பினேன்.

பஞ்சாப் சட்டமன்றம் 2009-இல் நிறைவேற்றிய நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் சாரம் இரண்டு தேதிகள்தான். மே 10-க்கு முன் நாற்றங்கால் விடக்கூடாது. ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம். நட்ட பயிரை விவசாயியின் செலவிலேயே அழிக்கவும் அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. முந்தைய ஆண்டே அவசரச் சட்டமாக வந்திருந்த இந்த ஏற்பாட்டை, ஹரியானாவும் அதே 2009-இல் தன் பங்குக்குச் சட்டமாக்கியது. பஞ்சாபில் நடவுத் தேதி 2014-இல் ஜூன் 15-க்கும், 2018-இல் ஜூன் 20-க்கும் தள்ளிப் போடப்பட்டு, விவசாயிகளின் எதிர்ப்புக்குப் பின் 2019-இல் ஜூன் 13 ஆனது. காவிரிப் படுகையில் பிறந்த எனக்கு ஜூன் மாதத்துத் தேதி என்றால் மேட்டூர் திறக்கும் ஜூன் 12 தான் நினைவுக்கு வரும். எங்களுக்கு அது தண்ணீர் வரும் தேதி. அவர்களுக்கு இது தண்ணீரை இறைக்காமல் இருக்கவேண்டிய தேதி.

இப்படி ஒரு சட்டம் ஏன் தேவைப்பட்டது என்பதற்குப் பழைய கதை கொஞ்சம் வேண்டும். 1960-61-இல் பஞ்சாபில் நெல் விளைந்த பரப்பு ஏறத்தாழ 2.27 லட்சம் ஹெக்டேர். இன்று 30 லட்சத்துக்கு மேல். கோதுமையும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைந்த மண்ணில் நெல்லைக் கொண்டுவந்து நிறுத்தியது குறைந்தபட்ச ஆதரவு விலையும், அந்த விலைக்கு உறுதியாக நடந்த அரசுக் கொள்முதலும்தான். அதற்கு வேண்டிய தண்ணீரைக் கொடுத்தவை ஆழ்துளைக் கிணறுகள். இன்று மின்சாரத்தில் ஓடுபவை மட்டும் ஏறக்குறைய 14 லட்சம். 1997-இல் தொடங்கி, இடையில் சிறிது காலம் நிறுத்தப்பட்டு, மீண்டும் தொடர்ந்த இலவச மின்சாரம், மோட்டாரை நிறுத்துவதற்கு இருந்த ஒரே பணக் காரணத்தையும் எடுத்துவிட்டது. பருவமழை பஞ்சாபை எட்டுவது ஜூன் கடைசியில்தான். மே மாத வெயிலில் நட்டால் பருவமழை வரும்வரை பயிர் குடிக்கும் தண்ணீர் முழுவதும் நிலத்துக்கடியிலிருந்துதான் வரவேண்டும். அதில் பெரும்பகுதி ஆவியாகவும் போய்விடும். எனவே தேதியைத் தள்ளிப் போடுவது நியாயமான யோசனை. விலையையோ மின்கட்டணத்தையோ தொட எந்த அரசுக்கும் துணிவில்லாத நிலையில், தொடக்கூடியதாக எஞ்சியிருந்தது நாட்காட்டி ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

சட்டம் நிறைவேறிய அதே 2009-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. ரோடெல், வெலிகோக்னா, ஃபாமிக்லியெட்டி என்ற மூவர் எழுதியது. 2002 மார்ச்சில் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள், ஏறக்குறைய 220 கிலோமீட்டர் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பூமியைச் சுற்றின. கீழே நிறை அதிகமுள்ள இடத்தை நெருங்கும்போது முன்னால் போவது சற்று வேகமாக இழுக்கப்படும்; இரண்டுக்கும் இடையிலான தூரம் தலைமுடியின் தடிமனைவிடக் குறைவான அளவில் மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு நிலப்பரப்பின் எடை மாதத்துக்கு மாதம் எப்படிக் கூடிக் குறைகிறது என்று கணக்கிடுவார்கள். மண்ணின் ஈரம், பனி, ஆற்று நீர் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது நிலத்தடி நீர். ராஜஸ்தான், பஞ்சாப், டெல்லி உள்ளிட்ட ஹரியானா ஆகிய பகுதிகள் 2002 ஆகஸ்ட் முதல் 2008 அக்டோபர் வரை இழந்த நிலத்தடி நீர் 109 கன கிலோமீட்டர் என்று அவர்கள் கணித்தார்கள். நம் கணக்கில் சொல்வதானால், நிரம்பிய மேட்டூர் அணையை நாற்பது முறைக்கு மேல் காலி செய்ததற்குச் சமம். அந்த ஆண்டுகளில் மழை பெரிதாகப் பொய்த்துவிடவும் இல்லை.

இங்கே நிதானித்துப் பார்க்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தண்ணீர் மிச்சமானதா என்று கேட்டால், எந்தக் கருவியிடம் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். இறைத்த தண்ணீர் எல்லாம் இழந்த தண்ணீர் ஆகாது. வயலில் தேங்கியதில் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி மறுபடியும் நீர்த்தாங்கியைச் சேர்கிறது. ஆவியாகிப் போவதும் பயிர் உறிஞ்சி வெளியிடுவதும்தான் திரும்பி வராதவை. மோட்டார் ஓடிய நேரத்தைக் கணக்கிடுபவர் மொத்த இறைப்பைப் பார்க்கிறார். கிரேஸ் நிகர இழப்பைப் பார்க்கிறது. கிணற்றில் கயிறு விட்டு அளப்பவர் அந்த ஒரு கிணற்றை மட்டும் பார்க்கிறார். மூவரும் உண்மையே சொன்னாலும் மூன்று வேறு விடைகள் வரும். போதாக்குறைக்கு, கிரேஸின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது. சங்ரூர் மாவட்டம் தனியாக என்ன செய்தது என்று அதனிடம் கேட்க முடியாது. அரிசி மூட்டையை லாரி எடைமேடையில் நிறுத்துப் பார்த்துக்கொண்டே ஒரு படி அரிசி குறைந்ததா என்று கேட்பது போன்றது அது.

இப்போது தீக்கு வருவோம். நடவு ஏறத்தாழ பத்து நாட்கள் தள்ளினால் அறுவடையும் அந்த அளவுக்குத் தள்ளும். கோதுமை விதைப்போ தள்ளாது. நவம்பர் முதல் பாதிக்குள் விதைத்தால்தான் மார்ச் மாத வெக்கை வருமுன் கதிர் முற்றும். எனவே நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையில் இருந்த அவகாசம், முன்னரே குறுகலாக இருந்தது, இன்னும் நெருங்கிப்போனது. பூசா 44 போன்ற நீண்டகால ரகங்களை நட்டவர்களுக்கு நெருக்கடி இன்னும் அதிகம். அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் கத்தரித்துவிட்டு, அரையடி முக்காலடி உயரத்துக்குத் தாளையும், அதன்மேல் வாரியிறைத்த வைக்கோலையும் விட்டுவிட்டுப் போகிறது. பஞ்சாபில் அதைப் பராளி என்கிறார்கள். மாநிலம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டன். எங்கள் பக்கம் வைக்கோல் மாட்டுக்குத் தீவனம். போர் போட்டு வைத்துக் காப்பாற்றுவோம். அங்கே மாட்டுக்குக் கோதுமை வைக்கோல் இருக்கிறது. பாசுமதி அல்லாத நெல்லின் வைக்கோலைத் தீவனமாகப் பெரிதும் மதிப்பதில்லை. இரண்டு வாரத்தில் நிலத்தைக் காலி செய்ய ஒரு தீப்பெட்டியைவிட மலிவான வழி இல்லை.

முன்பெல்லாம் நீண்ட நாட்களுக்குப் பரவியிருந்த எரிப்பு, இப்படிச் சில நாட்களுக்குள் திரண்டது. திரண்ட நாட்களும் சரியான நாட்கள் அல்ல. அக்டோபர் நடுவில் காற்று இன்னும் ஓரளவு வீசும். வெயிலில் சூடான காற்று மேலெழுந்து புகையைக் கலைக்கும். நவம்பர் தொடங்கியதும் குளிர் இறங்கி, காற்று ஓய்ந்து, புகை கலக்கும் அடுக்கின் உயரம் குறைந்துவிடுகிறது. அதே அளவு வைக்கோலை எரித்தாலும், வடமேற்கிலிருந்து டெல்லிப் பக்கம் நகரும் புகை தரையோடு தங்கிவிடுகிறது. 2019-இல் நேச்சர் சஸ்டெய்னபிலிட்டி இதழில் பல்விந்தர் சிங், ஆண்ட்ரூ மெக்டொனால்டு முதலியோர் வெளியிட்ட ஆய்வு இந்தத் தொடரை எண்ணாகச் சொன்னது. நிலத்தடி நீர்ச் சட்டங்களுக்குப் பின் எரிப்பின் உச்ச வீரியம் 39 விழுக்காடு கூடியது. அது நிகழும் நாட்களின் வானிலை, நுண்துகள் செறிவைச் சராசரியாக 29 விழுக்காடு உயர்த்தும் தன்மையது.

இதில் என்னை யோசிக்கவைப்பது அந்த எண்கள் அல்ல, அவற்றைப் பெற எவற்றையெல்லாம் ஒன்றுசேர்க்க வேண்டியிருந்தது என்பதுதான். நடவுத் தேதி வேளாண் துறையின் பொருள். நீர்மட்டம் நிலத்தடி நீர் வாரியத்தின் பொருள். தீயைப் பார்ப்பது நாசாவின் கருவி. காற்றின் போக்கு வானிலையாளர்களிடம். நுண்துகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களிடம். சட்டம் எழுதியவர்கள் தங்கள் துறையின் பதிவேட்டில் மட்டும் தேடியிருந்தால் இந்தப் பக்கவிளைவு ஒருநாளும் கண்ணில் பட்டிருக்காது, ஏனென்றால் நீரைப் பற்றிய எந்தப் பதிவேட்டிலும் புகைக்கு ஒரு பத்தி கிடையாது. பெருந்தரவு என்றவுடன் நாம் அளவின் பெருமையைப் பேசுகிறோம். இந்த விவகாரத்தில் பயன்பட்டது அளவு அல்ல, ஒருவர் வேறெதற்காகவோ சேர்த்து வைத்த தரவை இன்னொருவர் கட்டணமின்றி எடுத்து, தேதியையும் இடத்தையும் கொண்டு தன்னுடையதோடு தைக்க முடிந்ததுதான். லேண்ட்சாட் என்ற செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை அமெரிக்கா 2008-இல் இலவசமாக்கியிராவிட்டால், அவற்றை எல்லாம் ஒரே இடத்தில் வைத்துக் கணக்கிடும் கூகுள் எர்த் எஞ்சின் போன்ற மேடைகள் வந்திராவிட்டால், என்னைப் போல விற்பனைப் புள்ளிவிவரம் பார்த்துப் பிழைக்கும் ஒருவன் இரவில் பஞ்சாப் வயல்களைப் புரட்டிக்கொண்டிருக்க முடியாது.

ஆனாலும் இந்தச் சட்டத்தின்மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட என் மனம் ஒப்பவில்லை. மேட்டின் உச்சி நகர்ந்தது 2009-க்குப் பின் என்பதால் 2009-இன் சட்டமே காரணம் என்று முடிவுகட்டுவது, சேவல் கூவியதால்தான் விடிந்தது என்பதற்கு ஒப்பு. அதே ஆண்டுகளில் நெல்லின் பரப்பு கூடியது; அறுவடை இயந்திரம் கைக்கதிர் அறுப்பை ஏறக்குறைய ஒழித்தது; விளைச்சல் உயர உயர வைக்கோலும் உயர்ந்தது. இவற்றிலிருந்து சட்டத்தின் விளைவை மட்டும் பிரித்தெடுக்க, சட்டம் இல்லாத ஓர் ஒப்புமைப் பகுதி வேண்டும். மண்ணும் பயிரும் பழக்கமும் ஒத்துப்போகும் இயல்பான ஒப்புமை ஹரியானாதான். அதுவும் அதே ஆண்டில் அதே சட்டத்தைப் போட்டுக்கொண்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. எஞ்சியிருப்பது, சட்டம் வராதிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மாதிரியில் கட்டிப் பார்ப்பது. நூறு கோடி பதிவுகள் இருந்தாலும் இந்த ஓர் இடத்தில் நாம் செய்வது ஊகம்தான். நல்ல ஊகம், ஆனால் ஊகம். நீரின் பக்கமும் இதே சிக்கல்தான். 2009-க்குப் பின்னும் பஞ்சாபின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஊறுவதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் இறைக்கப்படுவதாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் தொடர்ந்து கணக்கிட்டு வருகிறது. அதனால் சட்டம் தோற்றது என்பதா, சட்டம் இல்லாவிட்டால் இன்னும் ஆழத்துக்குப் போயிருக்கும் என்பதா?

அளக்கப்படுபவர்கள் அளவுகோலைப் படித்துக்கொள்வது அடுத்த சங்கடம். டெல்லியின் காற்று தேசிய விவகாரமானபின், தீப்புள்ளிகளின் எண்ணிக்கையே அரசுகளின் மதிப்பெண் ஆயிற்று. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 15 முதல் நவம்பர் 30 வரை நாள்தோறும் எண்ணிக்கையை வெளியிடுகிறது. பஞ்சாபில் 2021-இல் 71,304, 2022-இல் 49,922, 2023-இல் 36,663, 2024-இல் 10,909. இந்த வரிசையைப் பார்த்துக் கைதட்டத் தோன்றும். 2018 முதல் மானியத்தில் கொடுக்கப்பட்ட தாள் மேலாண்மை இயந்திரங்களுக்கும், பி.ஆர். 126 போன்ற குறுகியகால ரகங்களுக்கும், வைக்கோலைக் கட்டுகளாக்கி எரிபொருளாக வாங்கும் ஆலைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் எண்ணிக்கை தரும் செயற்கைக்கோள்களில் முக்கியமானவை பஞ்சாபுக்கு மேல் பகலில் கடப்பது நண்பகல் கழிந்து ஒன்றரை மணியை ஒட்டித்தான். நாசாவில் பணிபுரியும் ஹிரேன் ஜேத்வா 2024 அக்டோபரில், பூமியின் ஒரே பகுதிக்கு மேல் நிலையாக நின்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கும் தென்கொரியச் செயற்கைக்கோளின் தரவை எடுத்துப் பார்த்து, பிற்பகலில் நாசாவின் செயற்கைக்கோள்கள் கடந்துபோன பிறகு எரிப்பு நடப்பதைச் சுட்டிக்காட்டினார். எரிந்த வயலின் கருமையைப் படத்தில் அளந்து பரப்பைக் கணக்கிடுபவர்களும் தீப்புள்ளிகள் குறைந்த அளவுக்கு எரிந்த பரப்பு குறையவில்லை என்கிறார்கள்.

இந்தச் செய்தியைப் படித்த பிறகுதான் என் கோப்பில் நேரம் என்ற பத்தியை ஒழுங்காகப் பார்த்தேன். அதுவரை நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். பகல் பதிவுகளின் நேரமெல்லாம் கோள் வரும் நேரத்தைச் சுற்றியே திரண்டிருந்தன. கோள் வராத நேரத்துக்கு வரியே கிடையாது, பூஜ்ஜியம்கூடக் கிடையாது. தீ இல்லை என்பதும் பார்க்கவில்லை என்பதும் அட்டவணையில் ஒரே மாதிரித் தெரிவது எவ்வளவு பெரிய பொறி என்பதை, இத்தனை ஆண்டுகள் தரவோடு பழகிய பின்னும், நான் அங்கேதான் முழுதாக உணர்ந்தேன். விவசாயிகளைக் கயவர்களாக்கும் எண்ணம் எனக்கு இல்லை. அபராதமும் வழக்கும் நிலப் பதிவேட்டில் சிவப்புக் குறிப்பும் செயற்கைக்கோளின் ஒரு புள்ளியைப் பின்பற்றி வீட்டு வாசலுக்கு வருமானால், அந்தப் புள்ளி எப்போது விழும் என்று யாரும் தெரிந்துகொள்ளத்தான் செய்வார்கள். கொள்கையின் விளைவை அறிய வைத்த கருவியைத் தண்டிக்கும் கருவியாக மாற்றினால், அது இரண்டு வேலைக்கும் உதவாமல் போகும் என்று இந்த வகைத் திட்டங்களை வகுப்பவர்களுக்கு யாராவது சொல்லவேண்டும்.

நம் ஊரிலும் இந்த மாதிரிக் கணக்கு ஒன்று நெடுநாளாகக் காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984-லும் எல்லா விவசாயிகளுக்கும் 1990-லும் பம்புசெட் மின்சாரம் இலவசமாயிற்று. இன்று 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள். பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. பஞ்சாபிலும் நிலை இதுதான். மீட்டர் வைத்தால் கட்டணம் வரும் என்ற அச்சத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் அரசியலில் அதைத் தொட முடியாது என்பதும் புரிகிறது. விளைவு, இந்த இலவசத்தால் எவ்வளவு தண்ணீர் மேலே வருகிறது என்ற எளிய கேள்விக்கு, தரையில் ஒரு மீட்டர் சொல்லவேண்டிய பதிலை 500 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கோளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். இதை நவீனம் என்று கொண்டாட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பஞ்சாப் அரசு 2025-இல் நடவுத் தேதியை முன்னுக்குக் கொண்டுவந்து, ஜூன் 1 முதலே நடலாம் என்றது. அக்டோபரில் ஈரப்பதம் குறைந்த நெல்லோடு சந்தைக்குப் போக முடியும் என்பது சொல்லப்பட்ட காரணம். மாநிலத்தை மூன்றாகப் பிரித்து, ஃபரீத்கோட், பட்டிண்டா, ஃபிரோஸ்பூர் முதலிய மாவட்டங்களுக்கு ஜூன் 1, குர்தாஸ்பூர், அமிர்தசரஸ் முதலியவற்றுக்கு ஜூன் 5, லூதியானா, சங்ரூர், பாட்டியாலா முதலியவற்றுக்கு ஜூன் 9 என்று தேதி கொடுத்தார்கள். நீரைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் எதிர்த்தார்கள். அவர்கள் எதிர்ப்பில் எனக்கும் உடன்பாடு உண்டு. ஆனால் கணக்குப் போடுபவனாக எனக்குள் ஓர் ஆசை எழுந்ததை மறைக்க மாட்டேன். ஒரே மாநிலம், ஒரே பயிர், ஒரே விலை, மூன்று தேதிகள்! 2009-இல் கிடைக்காத ஒப்புமை பதினாறு ஆண்டுகள் கழித்துத் தானாக வந்து நிற்கிறது. தீயின் மேடு மூன்று பகுதிகளில் மூன்று விதமாக நகர்கிறதா என்று பார்த்தால், தேதியின் பங்கைக் கொஞ்சமாவது பிரித்தெடுக்கலாம் என்று நிரலை எழுதி வைத்தேன். ஆகஸ்டில் ராவி, பியாஸ், சட்லஜ் மூன்றும் கரை உடைத்தன. 1988-க்குப் பின் பஞ்சாப் காணாத வெள்ளம் என்றார்கள். முதல் பகுதியில் ஃபிரோஸ்பூர், ஃபாசில்கா. இரண்டாவதில் குர்தாஸ்பூர், அமிர்தசரஸ். மூன்றாவதில் கபுர்தலா என்று, நான் ஒப்பிட நினைத்த மூன்று பகுதிகளிலும் நெல் வயல்கள் வெவ்வேறு அளவில் மூழ்கின. அழுகிப்போன பயிரை யாரும் அறுப்பதில்லை. அறுக்காத வயலில் எரிக்கத் தாளும் இல்லை. அந்த ஆண்டில் தீப்புள்ளிகள் இன்னும் குறைந்தன. எழுதி வைத்த நிரலை அந்த ஆண்டின் கோப்பில் இதுவரை ஓட்டவில்லை. வெள்ளம் நின்ற பரப்பை ராடார் படங்களிலிருந்து வயல்வயலாகக் கழிக்காமல் ஓட்டினால், வெள்ளத்தின் விளைவைத் தேதியின் கணக்கில் எழுதிவிடுவேன். இந்த வாரம் குர்தாஸ்பூரில் ராவிக்கரையிலிருந்து கழிக்கத் தொடங்கியிருக்கிறேன்.